கமடோர் 64-க்கு சி நிரல் எழுதும் முன் வரையும் நினைவக வரைபடம்

இன்றைய கணினியில் சி நிரல் எழுதுபவர், தம் நிரல் நினைவகத்தின் எந்த முகவரியில் போய் அமரும் என்று கேட்பதில்லை. அந்தப் பொறுப்பை இயங்குதளம் ஏற்றுக்கொள்கிறது. 1982-இல் வெளிவந்த வீட்டுக் கணினியான கமடோர் 64-இல் அப்படி ஒருவரும் இல்லை. சிசி65 என்னும் கம்பைலர் தொகுப்போடு வரும் இயல்பான அமைப்புக் கோப்பை வைத்துக்கொண்டு, திரையில் நான்கு வரி எழுதும் நிரலை எவரும் ஓட்டிவிடலாம். ஆனால் ஸ்பிரைட்டுகளும் (திரையில் தனியாக நகரும் சிறு படங்கள்) சொந்த எழுத்துருவும் கொண்ட ஒரு விளையாட்டை எழுதத் தொடங்கினால், தொகுத்த துண்டுகளை இணைத்து முகவரி ஒதுக்கும் லிங்கருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் அமைப்புக் கோப்பே நிரலின் பாதி என்று ஆகிவிடுகிறது. ஆகவே முதல் சி வரியை எழுதும் முன்பே நினைவக வரைபடத்தை முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. (முகவரிகளை இங்கே, கமடோர் 64-உடன் வந்த நிரல்மொழியான பேசிக் காலத்து வழக்கப்படி பதின்ம எண்களிலேயே தருகிறேன்.)

கமடோர் 64-ஐ இயக்கியதும் திரையில் தோன்றும் 38911 என்ற எண்ணிலிருந்து தொடங்கலாம். பேசிக் நிரலுக்குக் கிடைக்கும் இடம் அது; 2049-இல் தொடங்கி 40959 வரை. அதற்கு மேல் 8 கிலோபைட் அளவுக்கு பேசிக் ரோம் (படிக்க மட்டும் முடியும் நினைவகம்) ரேமை (எழுதவும் படிக்கவும் முடியும் நினைவகம்) மறைத்துக்கொண்டு நிற்கிறது. 49152 முதல் 53247 வரை வெற்று ரேம். அடுத்த 4 கிலோபைட்டில் விக்-2 வரைகலைச் சில்லும், ஒலிச் சில்லும், உள்ளீடு வெளியீட்டுச் சில்லுகளும் இருக்கின்றன. 57344 முதல் இறுதிவரை, விசைப்பலகை, திரை, வட்டு ஆகியவற்றைக் கையாளும் கெர்னல் ரோம். சி நிரலுக்கு பேசிக் மொழிபெயர்ப்பி தேவையில்லை என்பதால், சிசி65-இன் தொடக்கக் குறிமுறை முகவரி 1-இல் இருக்கும் 55 என்ற மதிப்பை 54 ஆக்கி பேசிக் ரோமை விலக்கிவிடுகிறது. அந்த ஒரு மாற்றத்தால் 2049 முதல் 53247 வரை 51199 பைட் ஒரே தொடர்ச்சியான நிலமாக நமக்குக் கிடைக்கிறது. நிரலின் தொடக்கத்தில் பன்னிரண்டு பைட் நீளமுள்ள ஒரு பேசிக் வரி ஒட்டப்படுகிறது. 2061-ஆம் முகவரிக்குத் தாவச் சொல்லும் அந்த வரி இருப்பதால்தான், சி நிரலையும் பேசிக் நிரலைப் போலவே ரன் என்று தட்டி ஓட்ட முடிகிறது.

சிக்கல் வரைகலையில் தொடங்குகிறது. விக்-2 சில்லு ஒரு நேரத்தில் 16 கிலோபைட்டை மட்டுமே பார்க்கும். இயல்பாக அது பார்ப்பது 0 முதல் 16383 வரையிலான முதல் பகுதியை. அதிலும் 4096 முதல் 8191 வரை அதன் கண்ணுக்கு எழுத்துரு ரோம் தெரியுமே தவிர, அங்கே நாம் ரேமில் வைத்த படம் தெரியாது. மீதமுள்ள இடமோ, 2049-இல் தொடங்கி மேல்நோக்கி வளரும் நம் நிரல் குறிமுறையின் நட்டநடுவில் இருக்கிறது. அங்கே படங்களுக்கு ஒரு துளை விட்டால், குறிமுறையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். லிங்கர் ஒரு செக்மென்ட்டை, அதாவது நிரலின் பெயரிட்ட ஒரு பகுதியை, தானாக இரண்டு இடங்களில் பிரித்து வைக்காது. எந்தச் சார்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று, கம்பைலருக்குக் குறிப்புச் சொல்லும் பிராக்மா வரிகளால் நாமே பெயர் சூட்டிப் பிரிக்க வேண்டியிருக்கும். அதைச் செய்ய முடியும் என்றாலும், நிரல் வளர வளர அந்த எல்லைச் சுவரை ஒவ்வொரு வாரமும் நகர்த்த வேண்டியிருப்பதால், நான் அந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிட நல்ல வழி, விக்-2 சில்லின் பார்வையையே நிரலுக்கு மேலே தூக்கிவிடுவது. 56576-ஆம் முகவரியின் கடைசி இரண்டு பிட்டுகளைப் பூஜ்யமாக்கினால், அது 49152 முதல் 65535 வரையிலான நான்காம் பகுதியைப் பார்க்கத் தொடங்கும். அமைப்புக் கோப்பில், நிரலுக்கான இடத்தின் மேல் எல்லையைக் குறிக்கும் ஹைமெம் என்ற குறியீட்டின் மதிப்பை 53248-இலிருந்து 49152-க்கு இறக்கிவிட்டால், சி நிரலும் அதன் அடுக்கும் (சார்புகள் ஓடும்போது மதிப்புகளை வைக்கும் இடம்) அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். திரை 49152-இல் அமரும். ஒவ்வொரு ஸ்பிரைட்டும் எந்த எண்ணுள்ள படத்தைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்பிரைட் சுட்டிகள் 50168 முதல் எட்டு பைட். அவற்றை ஒட்டி 50176-இல் தொடங்கும் 3072 பைட்டில் 48 ஸ்பிரைட் படங்கள் அடங்கும். அவற்றின் எண்கள் 16 முதல் 63 வரை. எழுத்துருவை 57344-இல், கெர்னல் ரோமுக்கு அடியில் இருக்கும் ரேமில் வைக்கலாம். அந்த முகவரியைச் செயலி படித்தால் ரோம் கிடைக்கும்; ஆனால் எழுதினால் அடியில் உள்ள ரேமில்தான் பதியும், விக்-2 பார்ப்பதும் அந்த ரேமைத்தான். நிரலுக்குப் பயன்படாத நிலத்தைப் படத்துக்குக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் விரும்புகிறேன். பிறகு திரையும் எழுத்துருவும் இருக்கும் இடத்தை விக்-2-க்குச் சொல்லும் 53272-இல் 8 என்றும், திரை இடம்பெயர்ந்ததைக் கெர்னலுக்குத் தெரிவிக்க 648-இல் 192 என்றும் எழுதினால் வரைகலை அமைப்பு முடிந்தது. இதற்காக நிரல் இழப்பது 4096 பைட். ஆனால் குறிமுறைப் பகுதி ஒரே துண்டாக இருக்கும்.

அடுத்தது அடுக்கு. 6510 செயலியின் வன்பொருள் அடுக்கு 256 பைட் மட்டுமே. சார்புகளின் திரும்பு முகவரிகள் அதில் இருக்கின்றன. சி மொழியின் அளபுருக்களும் உள்ளூர் மாறிகளும் அதில் கொள்ளாதவை என்பதால், சிசி65 அவற்றுக்கென்று நினைவகத்தின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வளரும் ஒரு மென்பொருள் அடுக்கை நடத்துகிறது. இயல்பான அளவு 2048 பைட். எட்டு பிட் பதிவகங்கள் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அடுக்கிலுள்ள ஒரு மாறியைச் சுட்டி வழியாக எட்டுவது மெதுவான வேலை. உள்ளூர் மாறிகளை நிலையான முகவரிகளில் வைக்கும்படி கம்பைலருக்குச் சொல்லும் விருப்பத்தேர்வு ஒன்று உண்டு. தன்னைத்தானே அழைக்கும் சார்புகள் உங்கள் நிரலில் இல்லையென்றால் அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். குறிமுறை சுருங்கும், வேகம் கூடும், அடுக்கையும் 512 பைட்டுக்குக் குறைத்துவிடலாம். ஆனால் அடுக்கு வழிந்து மாறிகளின் மேல் ஏறினாலும் நிரல் எச்சரிக்காது. எனவே சோதனைக் காலத்தில் அடுக்குச் சரிபார்ப்பை இயக்கித் தொகுப்பது அவசியம்.

கடைசியாக, மிக மதிப்புள்ள நிலமான ஸீரோபேஜ். முதல் 256 முகவரிகளில் உள்ள மாறியைப் படிக்கும் கட்டளை மூன்று பைட்டுக்குப் பதில் இரண்டு பைட்டிலும், நான்கு சுழற்சிக்குப் பதில் மூன்று சுழற்சியிலும் முடிகிறது. சுட்டி வழியாக நினைவகத்தை எட்டுவதும் இங்கிருந்துதான் முடியும். இயல்பான அமைப்பு இதில் 2 முதல் 27 வரை 26 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் பழைய மதிப்புகளைச் சேமித்து, நிரல் முடிந்ததும் பேசிக்கிடம் திருப்பித் தருகிறது. விளையாட்டு நிரல் பெரும்பாலும் பேசிக்குக்குத் திரும்புவதே இல்லை. அப்படியானால் பேசிக் மட்டும் பயன்படுத்தும் 143 வரையிலான முகவரிகளையும் நாம் கேட்டுப் பெறலாம். அமைப்புக் கோப்பில் ஸீரோபேஜ் பகுதியின் அளவை 26-இலிருந்து 142 ஆக உயர்த்தி, அசெம்பிளர் கோப்பு ஒன்றில் மாறிகளை அந்தச் செக்மென்ட்டில் அறிவித்து, சி பக்கம் அவை ஸீரோபேஜ் குறியீடுகள் என்று ஒரு பிராக்மா வரியால் தெரிவித்தால் போதும். கூடுதலாகக் கிடைக்கும் 116 பைட்டில், ஒவ்வொரு சட்டகத்திலும் தொடப்படும் எண்ணிகளும் ஆட்டக்காரரின் நிலையும் வசதியாக அமர்ந்துவிடும். 144-க்கு மேல் கெர்னலின் இடம்; விசைப்பலகையும் வட்டும் நமக்கு வேண்டும் என்ற வரையில் அங்கே கை வைக்கக் கூடாது.

இவையெல்லாம் நினைத்தபடி அமைந்தனவா என்பதை லிங்கர் எழுதித் தரும் வரைபடக் கோப்பில் ஒவ்வொரு தொகுப்புக்குப் பிறகும் பார்க்கலாம். அதில் நான் முதலில் தேடுவது, தொடக்க மதிப்பு தரப்படாத மாறிகள் அமரும் பிஎஸ்எஸ் செக்மென்ட் முடியும் முகவரியை; அதற்கும் 48640-க்கும் (49152-இலிருந்து அடுக்கின் 512 பைட்டைக் கழித்தது) இடையில் எஞ்சியிருப்பதுதான் அடுத்த கட்டத்துக்குக் கையிருப்பு.