சோத்துப் பார்சலைத் தராசில் வைத்த கதை

ஒபிசுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கின சோத்துப் பார்சலை ஒருநாள் சாப்பிடாமல் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தேன். குசினி மேசையில் லஞ்ச் ஷீட்டோடு விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, புறக்கோட்டையில் வாங்கின டிஜிட்டல் தராசில் வைத்தேன். அம்மா கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தா.

"உதென்ன பிள்ளை, சோத்தைப் போய் நிறுக்கிறாய்? நகையே?"

சோறு மட்டும் 430 கிராம். கோழித்துண்டில் எலும்பைக் கழித்தால் இறைச்சி 55 கிராம். மிச்சமெல்லாம் பருப்பு, எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய்க் கறி, சம்பல், ஒரு அப்பளம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 130 கலோரி அளவு இருக்கும். அப்படியென்றால் சோறே 560. புரதம் என்று பார்த்தால் அவ்வளவு சோற்றிலும் 12 கிராம்கூட இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன் எடுத்த ஸ்கானில் ஈரலில் கொழுப்பு, கிரேட் டூ என்று வந்தது. வயது 46. கிளினிக்கில் டயட்டீஷியன் ஒரு தாளில் எழுதித் தந்தா: மத்தியானத்துக்கு 400 கலோரிக்குள், புரதம் 30 கிராம். தாளை வாங்கும்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பார்சலைத் தராசில் வைத்த பிறகுதான் நான் இத்தனை வருஷமாக என்ன சாப்பிட்டு வந்திருக்கிறேன் என்று விளங்கியது.

முதல் இரண்டு கிழமையும் யூடியூப்பைப் பார்த்துச் சமைத்தேன். கோழி நெஞ்சிறைச்சி, ப்ரொக்கோலி, கீன்வா. கீன்வா விலையைக் கேட்டதும் அதை விட்டுவிட்டேன். நெஞ்சிறைச்சியைக் குறை சொல்லமாட்டேன், வெந்தது 100 கிராமில் 31 கிராம் புரதம், 165 கலோரி, கணக்குக்கு அதைப்போல வேறொன்று இல்லை. ஆனால் உப்பும் மிளகும் போட்டு அவித்து, ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒபிஸ் மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பர் செருப்பு. மூன்றாம் நாள் பாதியை வைத்துவிட்டு, பின்னேரம் நாலு மணிக்கு இரண்டு ரோல்ஸ் தின்றேன். உண்மையைச் சொல்கிறேன்.

அப்புறம்தான் எங்கள் சமையலையே கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். மீன், கணவாய், இறால், பருப்பு, பயறு, கீரை, இதில் எதுவுமே குற்றவாளி இல்லை. கலோரி ஒளிந்திருக்கிற இடம் தேங்காய். பருப்புக்கு முதற்பால், கீரைக்குத் துருவின தேங்காய்ப்பூ, சம்பலுக்குத் தனியாக ஒரு பாதி, பொரியலுக்கு எண்ணெய். தேங்காய்ப்பூ 100 கிராம் 350 கலோரி. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120. யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்த எனக்குத் தேங்காய் இல்லாத கறி என்றால் வருத்தக்காரர் சாப்பாடு. அதனால் எதைச் சமைக்கிறது என்றே தெரியவில்லை.

வழி காட்டினது ஒபிசில் என்னோடு வேலை செய்கிற மாத்தறை அக்கா. என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயோ நங்கி, இதைவிட அம்புல்தியல் செய்யலாமே" என்றா. அம்புல்தியல் என்றால் சிங்களவரின் புளிப்பு மீன்கறி. தேங்காய்ப்பால் இல்லை, பூ இல்லை, எண்ணெயும் இல்லை. தென்பகுதிக்காரர் ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் மீனைக் கெடாமல் வைக்கக் கண்டுபிடித்த சமையல், எனக்கென்றே செய்து வைத்தது மாதிரி.

நான் செய்கிற விதம் இது. கெலவல்லா என்கிற சூரை இனத்து மீன் அரைக் கிலோ, தோலும் முள்ளும் நீக்கி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பருமனான துண்டாக வெட்டுவிக்க வேணும். மெல்லிய துண்டு காய்ந்து தும்பாகப் போய்விடும். கொறுக்காய் என்கிற காய்ந்த புளிப்புப் பழத்தில் ஆறேழு துண்டைச் சுடுதண்ணியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, உள்ளி நாலு பல்லோடு களியாக அரைக்கிறேன். அதற்குள் மிளகுதூள் ஒரு மேசைக்கரண்டி, உப்பு. மீனில் நன்றாகப் பிரட்டி, மண்சட்டியின் அடியில் வாழையிலைத் துண்டு ஒன்றைப் போட்டு, துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அடுக்கவேணும். கறிவேப்பிலை, ரம்பை இலை, ஒரு துண்டு கறுவா. அரைத்த பாத்திரத்தைக் கழுவின தண்ணியையும் விட்டு, மெல்லிய நெருப்பில் மூடி வைக்கிறது. கரண்டி போடக்கூடாது. நடுவில் ஒருதரம் சட்டியைத் தூக்கி மெதுவாகக் குலுக்கலாம். முதலில் கொதிக்கிற சத்தம் கேட்கும். இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் அந்தச் சத்தம் அடங்கி, அடியில் சொரசொர என்று ஒன்று தொடங்கும். அப்போது நெருப்பை நிறுத்தவேணும். மூடியைத் திறந்தால் மீன் சாம்பல் கலந்த கறுப்பு நிறத்தில், ஒவ்வொரு துண்டிலும் களி ஒட்டிப் பிடித்திருக்கும். புளிப்பும் உறைப்பும் சேர்ந்து நாக்கின் இரண்டு பக்கமும் இழுக்கும். அன்றைக்குச் சாப்பிடுவதைவிட அடுத்த நாள் இன்னும் ருசி.

பச்சை கெலவல்லா 100 கிராமில் புரதம் 24 கிராம் அளவு, 110 கலோரி. அரைக் கிலோவை நாலாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு 30 கிராம் புரதம், 140 கலோரி. டயட்டீஷியன் கேட்டது அப்படியே வந்துவிட்டது. மிச்சத்துக்குச் சிவத்தப் பச்சரிசிச் சோறு 80 கிராம், வெள்ளரிக்காய், வல்லாரைச் சம்பல். வல்லாரையை மெல்லிசாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப்புளி, இடித்த மாசிக்கருவாடு ஒரு சிட்டிகை போட்டுப் பிசறினால், தேங்காய்ப்பூ ஒரு தேக்கரண்டி போதும். மாசி இருந்தால் நாக்கு ஏமாந்துவிடும்.

அந்த 80 கிராம் சோற்றை முதல்தரம் பெட்டிக்குள் பார்த்த அம்மா, "கோயிலிலை குடுக்கிறது இதைவிடக் கூடப் பிள்ளை" என்றா.

மீன் வாங்குவதில் ஒரு பாடம் படித்தேன், அதையும் சொல்லவேணும். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, பின்னேரம் ஐந்தரைக்கு, ஐஸ் இல்லாமல் பலகையில் கிடந்த மீனை மலிவு என்று வாங்கினேன். வெட்டினபோது மணம் ஒன்றும் வித்தியாசமாக இல்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, முகம் சிவந்து, காது கொதித்து, தலையிடி. இனி மீனே தொடமுடியாதோ என்று பயந்துபோனேன். டொக்டர் சொன்னார், இது மீன் ஒவ்வாமை இல்லை என்று. சூரை, கெலவல்லா இனத்து மீன் வெக்கையில் கிடந்தால் பக்ரீரியா அதில் ஹிஸ்ரமின் என்ற ஒன்றை உண்டாக்குமாம். பிறகு எவ்வளவு அவித்தாலும், ஃப்ரீசரில் வைத்தாலும் அது போகாது. கொறுக்காயும் காப்பாற்றாது. இப்போது சனிக்கிழமை விடிய மார்க்கெட்டுக்குப் போய், ஐசுக்குள் புதைந்து கிடக்கிற மீனைத்தான் கேட்கிறேன். காலையில் ஒபிசுக்குப் போனதும் முதல் வேலை பெட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கிறது.

ஒபிஸ் சாப்பாட்டு மேசையைப் பற்றி டயட் வீடியோ போடுகிற யாரும் சொல்லுவதில்லை. நாங்கள் ஏழுபேர், எல்லாருடைய பெட்டியும் நடுவில். ஒருத்தர் கறியை மற்றவர் எடுக்காமல் சாப்பிட்டதே இல்லை. தொடக்கத்தில் நான் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி என் வேலை மேசையிலேயே தனியாகச் சாப்பிட்டேன். நாலு நாள்தான் முடிந்தது. ஐந்தாம் நாள் மாத்தறை அக்கா வந்து கதிரையோடு இழுத்துக்கொண்டு போனா. இப்போது இரண்டு துண்டு மீன் கூடக் கொண்டுபோகிறேன், அது கேள்வியில்லாமல் போகும். அவர்கள் என் பக்கம் தள்ளுகிற பலாக்கொட்டைக் கறியில் ஒரு கரண்டி எடுக்கிறேன். தாளில் அந்த ஒரு கரண்டிக்கு இடமில்லை. பரவாயில்லை.

வெள்ளிக்கிழமைதான் தலையிடி. எங்கள் வீட்டில் அன்றைக்கு மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், இல்லை, முட்டையும் இல்லை. சோயா மீற்றில்தான் போய் நிற்கவேண்டியிருக்கிறது. காய்ந்த சோயா 40 கிராமில் 20 கிராம் புரதம், 140 கலோரி. பக்கற்றோடு வருகிற மசாலாத்தூளில் உப்பு அதிகம், ஆகவே வெறும் சோயாவைத்தான் வாங்குகிறேன். கொதிதண்ணியில் ஊறவிட்டு, கைக்குள் வைத்து முறுக்கிப் பிழிந்து, திரும்ப ஒருதரம் ஊறவிட்டுப் பிழியவேணும், இல்லாவிட்டால் அந்தப் பச்சை மணம் போகாது. பிறகு வெங்காயம், தக்காளி, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஒட்டாத சட்டியில் பிரட்டல். அதோடு அவித்த பயறு 120 கிராம், அதில் இன்னும் எட்டு கிராம் புரதம் வரும். பயறு இருக்கிற நாளில் சோறு இல்லை.

அவசர நாளில் முட்டைதான். இரண்டு முழு முட்டை, மூன்று வெள்ளைக்கரு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை: 23 கிராம் புரதம், 190 கலோரி. மிஞ்சுகிற மஞ்சள்கருவை அடுத்த நாள் மகனுடைய முட்டைப்பொரியலில் சேர்த்துவிடுவேன், இல்லாவிட்டால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து மீன் விலை ஏறினால் தகரத்தில் அடைத்த ரின் மீன். தண்ணியை வடித்துவிட்டு, பச்சை வெங்காயமும் தேசிக்காயும் போட்டால் சமையலே வேண்டாம்.

முதல் மாதம் மலச்சிக்கல் பட்டபாட்டை இங்கே விவரிக்கவில்லை. தண்ணியும் கீரையும் இரண்டு மடங்காக்கினபிறகு சரிவந்தது. எங்கள் பெரியம்மாவும், தானும் இதையே சாப்பிடட்டோ என்று போன் எடுத்துக் கேட்டா. அவவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு இருக்கிறது. "வேண்டாம் பெரியம்மா, புரதம் கூட்டுறதுக்கு முந்திக் கிளினிக்கிலை கேளுங்கோ" என்றேன்.

இதுவரைக்கும் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. அடுத்த ஸ்கான் வருகிற மாதம்.

அம்மா இன்னும் பருப்புக்குள் களவாகப் பால் விடுகிறா. நிறத்திலேயே பிடித்துவிடுவேன், வாய் திறக்கமாட்டேன். ஆனால் போன கிழமை ஃப்ரிட்ஜைத் திறந்தால் அம்புல்தியலில் இரண்டு துண்டைக் காணவில்லை. மகன் அதைத் தொடமாட்டான். குசினிக்குள் போய்ப் பார்த்தேன். அம்மா கோப்பையில் மலைமாதிரிச் சோறு போட்டு, பக்கத்தில் அந்த இரண்டு துண்டையும் வைத்துக்கொண்டு இருந்தா.

"என்னம்மா, என்ரை கணக்கு பிழைக்கப்போகுது."

"பிழைக்காது. நிறுத்துப் பாத்துத்தான் எடுத்தனான், அறுவது கிராம்."