குட்டிம்மாவுக்கு வீட்டிலேயே ட்ரிப்ஸ்

எங்கள் பூனை குட்டிம்மாவுக்கு வயது 14. பெயர்தான் குட்டி, மனிதக் கணக்கில் எழுபதைத் தாண்டிய பாட்டி. போன கோடையில் தண்ணீர்க் கிண்ணத்தை அடிக்கடி காலி செய்ய ஆரம்பித்தாள். "வெயிலுக்குத்தான்டா" என்றார் அம்மா. ஆனால் அவள் சிறுநீர் கழிக்கும் மண் தட்டில் ஈரக் கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போயின. தடவிக் கொடுத்தால் முதுகெலும்பு கையில் இடறியது.

சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் ஏறி 3.4 இருந்தது. சிறுநீரகம்தான். இந்த எண் ஏறித் தெரியும்போதே பெரும்பாலும் முக்கால்வாசி வேலைத்திறன் போயிருக்குமாம். போனது திரும்பாது, மிச்சத்தை வைத்துச் சௌகரியமாக ஓட்ட வேண்டும். முன்னங்காலில் சின்னப் பட்டை சுற்றி பிரஷரும் பார்த்தார். இந்த நோயில் பிரஷர் எகிறி, பூனைக்குத் திடீரென்று கண் தெரியாமல் போவதுண்டு. நல்லவேளை, அது சரியாக இருந்தது.

இதயத்தையும் சோதித்த பிறகுதான், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோலுக்கடியில் 100 மி.லி. ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை ஏற்றச் சொன்னார். இதயம் பலவீனமான பூனைக்கு இது ஆபத்து. அளவை நாமாகக் கூட்டவே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் 'ஆர்.எல்.' என்று கேட்டு வாங்கினாலும் பாட்டில் லேபிளைப் படித்துவிடுங்கள். குளுக்கோஸ் பாட்டிலும் பார்க்க அப்படியேதான் இருக்கும். அதைத் தோலுக்கடியில் ஏற்றக் கூடாது.

பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு வைப்பேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. ஜன்னல் கம்பியில் மாட்டி, டியூபில் காற்றுக்குமிழி போகும்வரை ஓடவிட்டு, டியூபை நெரித்து ஓட்டத்தை நிறுத்தும் உருளையை மூடிவிடுவேன். அம்மா அவளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கினால் கூடாரம் மாதிரி நிற்கும். அதன் அடிவாரத்தில் ஊசி. எப்போதும் புது ஊசிதான், பழசு மழுங்கி வலிக்கும். ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டால் முடி நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். எடுத்துவிட்டு மறுபடி குத்த வேண்டியதுதான். பாட்டிலில் நீர்மட்டம் 100 மி.லி. அளவு குறைந்ததும் உருளையை மூடி, ஊசியை உருவி, அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்பேன். முதுகில் ஒரு மூட்டை தொங்கும். சில நேரம் அது முன்னங்கால்வரை இறங்கி, பார்க்கப் பயமாக இருக்கும். சில மணி நேரத்தில் வற்றிவிடும்.

பக்கத்து வீட்டு மாமி, "பூனைக்கு ட்ரிப்ஸா!" என்று சிரித்தார். இப்போது பாட்டில் தொங்குவதைப் பார்த்தால் அவரே வந்து அவள் தாடையைச் சொறிந்துவிடுகிறார்.

ஊசியைவிடச் சாப்பாடுதான் பெரும்பாடு. சிறுநீரக நோயுள்ள பூனைகளுக்கான, பாஸ்பரஸ் குறைந்த உணவை மோந்து பார்த்துவிட்டு, தட்டின் ஓரத்தில் மண் மூடுவதுபோல் தரையைப் பிறாண்டினாள். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவருவது பூனையிடம் நடக்காது. சில நாள் சாப்பிடாவிட்டால் ஈரலே கெட்டுவிடும். அதனால் வேகவைத்த கோழியில் தினம் ஒரு ஸ்பூனாகக் கலந்து பழக்கினோம். குமட்டலுக்கு டாக்டர் மாத்திரை எழுதியதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அது குமட்டல் என்று வெளியில் தெரியவே இல்லை, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான்.

மூட்டும் தேய்ந்திருக்கிறது. மண் தட்டின் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்தினோம், சோபாவுக்கு அட்டைப்பெட்டியில் படி வைத்தோம். நகம் தடித்துப் பாதத்துக்குள் வளைவதால் அடிக்கடி வெட்டிவிடுகிறேன். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலில் துண்டுகூடக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

அடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. எனக்கு அதைவிட எடைதான் முக்கியம். அவளைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு நான் மட்டும் ஏறிக் கழித்து, காலண்டரில் எழுதி வைக்கிறேன். இப்போதைக்கு இறங்கவில்லை. ட்ரிப்ஸ் முடிந்ததும் அம்மா மடியிலிருந்து குதித்து, நேராகச் சமையலறைக்குப் போய்க் கத்துகிறாள்.