புரோட்டீன் டப்பாவுக்கு முன் பருப்பை எடை போடுங்கள்

செட்டிநாட்டுச் சமையல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோழிதான் ஞாபகம் வருகிறது. ஆனால் நகரத்தார் கல்யாணப் பந்தி சைவம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களும் கார்த்திகையில் மாலை போடுபவர்களும் விரதம் முடியும்வரை சைவம். வருஷம் முழுக்கச் சைவமாகவே இருக்கிற வீடுகளும் நிறைய. இந்த இலையில் புரதம் போதுமா, புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டுமா என்று காரைக்குடி ஜிம்களிலும் கேட்கிறார்கள், எழுபது வயதைத் தாண்டிய ஆச்சிகள் இருக்கும் வீடுகளிலும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் பதில் மாறும். ஆனால் கணக்குப் போடாமல் யாருக்கும் பதில் கிடையாது.

முதலில் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் சொன்ன அளவு, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம். உடம்பு பருமனாக இருந்தால் இப்போதைய எடையை வைக்காமல் உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிடுங்கள். வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், தசை கரைவதைத் தள்ளிப்போட. எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் போதும். அதற்கு மேலே போனால் தசை கூடுவதில் சொல்லிக்கொள்ளும்படி லாபம் இல்லை. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதத்தில் வழக்கமான அளவோடு இன்னும் 22 கிராம்.

இப்போது வரவு. நம் ஊரில் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் 4 இட்லி, சட்னி: 8 கிராம். மதியம் 150 கிராம் அரிசி வடித்த சோறு 11, ஆளுக்கு 20 கிராம் பருப்பு போட்ட சாம்பார் 4.5, கூட்டும் பொரியலும் 3, ஒரு கரண்டி தயிர் 3. சாயங்காலம் 5 வெள்ளைப் பணியாரம் 5, காபிக்கு ஊற்றிய பால் 3. ராத்திரி 3 தோசை 8, படுக்கும் முன் 150 மில்லி பால் 5. கூட்டினால் ஐம்பதைத் தொடுகிறது. 60 கிலோ ஆளுக்குச் சரியாக வந்துவிட்டது என்று தோன்றும்.

விஷயம் அந்த ஐம்பதுக்குள்ளே இருக்கிறது. அதில் பாதிக்கு அருகில் அரிசியிலிருந்து வருகிறது. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று அடைக்கும். அதற்கு மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு வேண்டும். மேலே சொன்ன நாளில் இட்லி, தோசை, பணியாரம், சோறு எல்லாவற்றுக்கும் சேர்த்து அரிசி 300 கிராம், பருப்பும் உளுந்தும் 67 கிராம். நாலரைக்கு ஒன்று. குறைவது 35 கிராம் பருப்பு, ஒரு கைப்பிடி. ஆரோக்கியமாக நடமாடும் ஒருவர் அந்தக் கைப்பிடிக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து டப்பா வாங்குவது அநியாயம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 வழிகாட்டுதலில் உடம்பு ஏற்றுவதற்குப் புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கச் சொல்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது சரியான அறிவுரை.

உங்கள் கணக்கை மூன்று நாள் எழுதுங்கள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். சமையலறைத் தராசில் வேகவைக்காத எடையைப் போடுங்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். 100 கிராம் துவரம்பருப்பில் புரதம் 22 கிராம். அதே பருப்பு வெந்து தண்ணீர் குடித்தபின் 100 கிராமில் 7 கிராம்தான். வெந்ததை எடை போட்டுவிட்டு வேகாததின் எண்ணைப் பெருக்கினால் கணக்கு மூன்று மடங்கு பொய்யாகும். சாம்பாரையும் கிண்ணக் கணக்கில் எண்ணாதீர்கள். பானையில் போட்ட பருப்பைச் சாப்பிட்ட ஆட்களால் வகுங்கள். வெள்ளைப் பணியாரத்தையும் உளுந்துப் பலகாரம் என்று நம்பிவிட வேண்டாம். உழக்கு நிறையப் பச்சரிசி அளந்து அதன் தலையில் கோபுரமாக வைக்கிற உளுந்து, 200 கிராம் அரிசிக்கு 40 கிராம் அளவுதான் வரும். ஒரு பணியாரத்துக்குப் புரதம் 1 கிராம், மற்றபடி மாவும் எண்ணெயும்.

புரதக் குறை 20 கிராமுக்குள் இருந்தால் அடுப்படியிலேயே தீர்த்துவிடலாம். இந்த ஊரில் அதற்கு முதல் வழி பருப்பு உருண்டைக் குழம்பு. பருப்பைக் கரைத்து ஊற்றாமல் உருண்டையாகவே இலையில் வைக்கிற குழம்பு அது. நாலு பேருக்கு 200 கிராம் பருப்பு போடுங்கள், துவரம்பருப்பு பாதி, கடலைப்பருப்பு பாதி. ஆளுக்கு 10 கிராமுக்குக் குறையாமல் புரதம் வந்துவிடும். ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரை ஒட்ட வடித்து, வரமிளகாய், சோம்பு, உப்போடு தண்ணீர் தெளிக்காமல் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். சின்ன வெங்காயம், தேங்காய்த் துருவல், கறிவேப்பிலை சேர்த்து எலுமிச்சை அளவு பிடித்து, இட்லிச் சட்டியில் 10 நிமிடம் அவித்த பிறகே குழம்பில் போடுங்கள். தண்ணீர் விட்டு அரைத்தால் உருண்டை குழம்பில் கரையும். மையாக அரைத்தால் கல்லாகிவிடும், பல் செட் வைத்தவர்கள் தொட மாட்டார்கள். அவிக்காமல் போட்டால் தளதளவென்று கொதிக்கும்போது உடையும். வாரம் இரண்டு நாள் இதை வைத்தாலே சாம்பாரை மட்டும் நம்பியிருக்கிற வீட்டின் கணக்கு மாறிவிடும்.

மற்ற நாட்களில் மண்டிக்கு (அரிசி களைந்த நீரில் வைக்கும் குழம்பு) மொச்சையைக் கூட்டிப் போடுங்கள். வெஞ்சனத்தில், அதாவது தொட்டுக்கொள்ளும் கறிகளில், ஒன்று பயறாக இருக்கட்டும். சாயங்காலப் பலகாரத்துக்குப் பதில் 50 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம். பொரிகடலை 30 கிராமில் 6.5. மீல்மேக்கர் 30 கிராமில் 15, சைவத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு புரதம் வேறு எதிலும் இல்லை. அதன் வாடை பிடிக்காதவர்கள் உப்புப் போட்ட வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசிப் பிழிந்து, பிறகு மிளகு மசாலாவில் பிரட்டிப் பாருங்கள். கும்மாயம் உளுந்தில் கிண்டுவதால் புரதம் உண்டுதான், ஆனால் கூடவே கருப்பட்டியும் நெய்யும் இறங்குகின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைப் புரதக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மால்ட் கலந்த சத்து பானங்களும் அப்படியே: பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும்தான்.

பவுடர் நியாயமாகத் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜிம்முக்குப் போகிற 65 கிலோ பையனுக்கு 104 கிராம் வேண்டும். தினம் ஆறு முட்டை சாப்பிட்டவன் மாலை போட்ட அன்றைக்கே 36 கிராமை இழக்கிறான். மீல்மேக்கர் 50 கிராம், பன்னீர் 100 கிராம், பால் 300 மில்லி சேர்த்தால் 54 கிராம் வரும், வழக்கமான சாப்பாட்டோடு கணக்கு நேராகிவிடும். ஆனால் ஒருவேளைச் சாப்பாடும் சைவமும் கடுமையான பயிற்சியுமாக இருக்கிறவனுடைய வயிறு அத்தனையும் கொள்ளாது. அவன் ஒரு ஸ்கூப் (டப்பாவோடு வரும் அளவுக் கரண்டி) பவுடர் எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை. அடுத்தது, இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளும் பெரியவர்கள். அவர்களுடைய நாள் கணக்கு 30 கிராமுக்குக் கீழே போய்விடுகிறது. ஆனாலும் எடுத்தவுடன் விலை கூடிய டப்பா வேண்டாம். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 20 கிராமைக் கஞ்சியிலோ பாலிலோ கலந்தால் 7 கிராம் கிடைக்கும். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டும் வேறு பவுடரைப் பாருங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்கள், நீண்ட நாள் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்க்காமல், டாக்டரைக் கேட்காமல் ஒரு ஸ்கூப்கூடத் தொடக் கூடாது. டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் புரதத்தைக் கட்டுப்படுத்தச் சொல்வார்கள், டயாலிசிஸ் தொடங்கியபின் கூட்டச் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்காரருக்குச் சொன்னது உங்களுக்கு நேர் எதிராக இருக்கலாம். சைவர்களிடம் அடிக்கடி குறைகிற பி12ஐயும் புரோட்டீன் பவுடர் தீர்த்துவிடும் என்று எண்ண வேண்டாம். களைப்புக்குக் காரணம் அதுவாக இருந்தால் ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும்தான் வழி.

வாங்குவது என்று முடிவானால் டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். 33 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்றால் 73 சதவீதம், நல்ல கான்சன்ட்ரேட் (செறிவாக்கிய பால் புரதம்). அதை இன்னும் சுத்திகரித்த ஐசோலேட்டில் 85, 90 வரும், லாக்டோஸ் மிகக் குறைவு, பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு அது பொருந்தும். பொருட்கள் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் முதலில் நின்றால் அது எடை ஏற்றும் மாவு, வைத்துவிடுங்கள். கிளைசின், டாரின் என்று தனியாகச் சேர்த்திருந்தால் எச்சரிக்கை. ஆய்வகம் பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கித்தான் புரதம் என்கிறது, மலிவான அமினோ அமிலத்தைக் கொட்டினாலும் எண் ஏறிவிடும். பாலிலிருந்து எடுக்கும் வே புரதம் 25 கிராமில் லியூசின் என்ற அமினோ அமிலம் 2.5 கிராமை ஒட்டி இருக்க வேண்டும்.

சைவர்கள் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். வே என்பது சீஸ் தயாரிக்கும்போது பிரியும் நீர். பாலைத் திரிக்கிற ரென்னெட் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் வரலாம். பச்சைப் புள்ளி இல்லாத இறக்குமதி டப்பாவை விரதக்காரர்கள் எடுக்காதீர்கள். கொலாஜன் எந்தப் பெயரில் வந்தாலும் மாடு, மீன், பன்றி போன்றவற்றிலிருந்துதான், அதில் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் கிடையாது, புரதமாகவும் அரைகுறை. பாலும் வேண்டாதவர்களுக்குச் சோயா ஐசோலேட்டோ பட்டாணிப் புரதமோ உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுப் பார்த்தபின் காசு கொடுங்கள். விலையை டப்பாவின் எடையால் வகுக்காமல் உள்ளே இருக்கும் புரதத்தின் எடையால் வகுத்து ஒப்பிடுங்கள்.

முதல் வாரம் அரை ஸ்கூப். ஸ்கூப்பைத் தட்டி நிரப்பினால் அளவு கூடும், ஒரு தடவை தராசில் வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். கொதிக்கிற பாலில் போட்டால் கட்டி தட்டும், ஆறிய பிறகு கலக்குங்கள். மலச்சிக்கல் வந்தால் பவுடரைத் திட்டுவதற்கு முன் தண்ணீரும் கீரையும் குறைந்ததா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலில் கரைத்த ஷேக்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்காதீர்கள், ஷேக்கரைக் குடித்த உடனே கழுவுங்கள், புளித்த வாடை ஏறினால் போகாது. ஈர ஸ்கூப்பை டப்பாவுக்குள் போட்டால் மாவு கட்டியாகிப் பூஞ்சை பிடிக்கும். மாலை கழற்றி முட்டை திரும்பிய வாரத்தில் மறுபடி மூன்று நாள் கணக்கை எழுதுங்கள், டப்பாவில் பாதி மிச்சம் இருந்தாலும்.