உள்ளங்கை ரேகை

இரண்டு வருடமாக நான் கறுத்துக்கொண்டே வந்ததற்கு எல்லோரும் சேலம் வெயிலைத்தான் சொன்னார்கள். ஆனால் உள்ளங்கை ரேகையும் ஈறும் வெயிலிலா கறுக்கும்? யாரும் கேட்கவில்லை, நானும்தான். ஏற்காடு பஸ்ஸில் மயங்கியதற்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் மேல் பழி. உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. தட்டுவடை செட் தின்ற கையோடு ஊறுகாய், அப்புறம் வெறும் கல்லுப்பு. "மசக்கையா கண்ணு?" என்று கேட்ட அத்தையிடம் அழுதேவிட்டேன்.

கடைசியில் ஒரு டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் அளவைப் பார்க்கச் சொன்னார். அடிசன் நோய். அந்த ஹார்மோனைச் சுரக்கும், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி ஓய்ந்துவிட்டது. உடம்பில் உப்பு தங்கவில்லை, அதுதான் அந்த ஆசை.

இப்போது கார்டிசாலுக்கு ஈடாக தினமும் ஹைட்ரோகார்டிசோன் மருந்து. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், திடீரென நிறுத்தவே கூடாது. ரேகை மெல்ல வெளுக்கிறது. அத்தை தினமும் கையை வாங்கிப் பார்க்கிறார்.