ஒரு வானிலை நிலையத்தின் மாத வெப்பநிலைத் தொடரைச் சீர்செய்த அனுபவம்

உள்ளூர் வானிலை நிலையம் ஒன்றின் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, அவற்றிலிருந்து நம்பத்தக்க மாத வெப்பநிலைத் தொடர் ஒன்றை உருவாக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டபோது, எண்களைத் தட்டச்சு செய்வதில்தான் பெரும்பகுதி நேரம் கழியும் என்று பலரும் சொன்னார்கள். தட்டச்சு வேலை நினைத்ததைவிட விரைவாகவே முடிந்தது. நீண்ட காலம் என்னைப் பிடித்து வைத்திருந்தது அதற்குப் பிறகு எழுந்த கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட 31.4 டிகிரியும் இன்று பதிவாகும் 31.4 டிகிரியும் ஒரே அளவைத்தான் குறிக்கின்றனவா? இடையில் கருவி மாறியிருந்தாலோ, கருவிப் பெட்டி சில மீட்டர் தள்ளி வைக்கப்பட்டிருந்தாலோ, அளவெடுக்கும் நேரம் மாறியிருந்தாலோ, காற்றின் வெப்பநிலை மாறாமலேயே பதிவு மாறிவிடும்.

ஆகவே கணக்கில் இறங்குவதற்கு முன், அந்த எண்கள் எப்படி எடுக்கப்பட்டன என்பதைப் படித்தேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த, சாய்சட்டச் சுவர்களைக் கொண்ட வெள்ளைப் பெட்டிக்குள்தான் வெப்பமானிகள் வைக்கப்பட்டிருந்தன. நேரடி வெயில் படாமலும் காற்று தடைபடாமலும், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் அளவெடுப்பதே இன்றும் பன்னாட்டு வழக்கம். அதிகபட்ச வெப்பமானியில் குமிழுக்கு அருகே குழாய் குறுக்கப்பட்டிருப்பதால், ஏறிய பாதரசம் தானாக இறங்காது. குறைந்தபட்ச வெப்பமானியில் ஆல்கஹாலுக்குள் கிடக்கும் சிறு குச்சி, திரவம் சுருங்கும்போது பின்னோக்கி இழுக்கப்பட்டு, விரியும்போது அங்கேயே நின்றுவிடும். நாளுக்கு ஒருமுறை இரண்டையும் படித்துவிட்டு, அந்த நேரத்துக் காற்றின் வெப்பநிலையைக் காட்டும்படி மீட்டமைக்க வேண்டும். தேர்ந்தவர்கள் பத்தில் ஒரு பங்கை முதலில் படித்துவிட்டு, முழு டிகிரியை அதன் பிறகு பார்ப்பார்கள். அருகில் நிற்பவரின் மூச்சும் உடற்சூடும் அளவை உயர்த்திவிடும் என்பதே காரணம். இந்த ஒழுக்கத்தை அறிந்த பிறகு, பதிவேட்டை எழுதிய கைகள்மீது எனக்கு ஏற்பட்ட மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

முதல் விதியாக நான் வகுத்துக்கொண்டது, பதிவேட்டில் உள்ளதை உள்ளபடியே ஏற்றுவது. கண்ணுக்குத் தெரிந்த பிழையாக இருந்தாலும் அந்த எண்ணை அப்படியே ஒரு நிரலில் வைத்து, ஐயத்தை அடுத்த நிரலில் குறியீடாக எழுதினேன். அதன் பிறகே சோதனைகள். குறைந்தபட்சம் அதிகபட்சத்தை மிஞ்சியிருக்கிறதா என்பது எளிய சோதனை. அதைவிடக் கூர்மையானது ஒன்று உண்டு: நேற்று கருவியை மீட்டமைத்த நேரத்து வெப்பநிலை எதுவோ, இன்றைய குறைந்தபட்சம் அதைவிட உயர்ந்திருக்க முடியாது, இன்றைய அதிகபட்சம் அதைவிடத் தாழ்ந்திருக்க முடியாது. இந்த ஒரு தர்க்கம் மட்டுமே தட்டச்சுப் பிழைகளையும், இடம் மாறி எழுதப்பட்ட எண்களையும், வெப்பமானிக் குழாய்க்குள் ஆல்கஹால் தம்பம் (திரவக் கோடு) உடைந்திருந்த நாள்களையும் ஏராளமாகக் காட்டிக்கொடுத்தது. தசம இலக்கங்களில் 0, 5 ஆகியவை அளவுக்கு அதிகமாகத் தோன்றும் ஆண்டுகளும் இருந்தன. அரை டிகிரிக்கு முழுமைப்படுத்தி எழுதும் பழக்கத்தின் தடம் அது. மாதச் சராசரியை அது பெரிதாகப் பாதிப்பதில்லை என்பதால் குறித்துவைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

தேதிச் சிக்கல் அவ்வளவு எளிதாக விடவில்லை. காலை 8 மணிக்குப் படிக்கப்படும் அதிகபட்சம் பெரும்பாலும் முந்தைய நாள் பிற்பகலுக்கு உரியது. சிலர் அதை முந்தைய நாளின் வரியில் எழுதினார்கள். சிலர் படித்த நாளிலேயே எழுதினார்கள். அருகிலுள்ள நிலையங்களின் தினசரி அளவுகளோடு ஒப்பிட்டு, ஒரு நாள் நகர்த்தினால் பொருத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்தபோது, எந்தக் காலத்தில் எந்த வழக்கம் இருந்தது என்பது தெளிவாகத் தெரிந்தது.

விடுபட்ட நாள்களுக்கு உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதலைப் பின்பற்றினேன்: ஒரு மாதத்தில் 11 நாள்களோ அதற்கு மேலோ விடுபட்டிருந்தாலும், தொடர்ச்சியாக 5 நாள்களோ அதற்கு மேலோ விடுபட்டிருந்தாலும், அந்த மாதத்திற்குச் சராசரி கணக்கிடுவதில்லை. தொடர்ச்சியான இடைவெளிக்குக் கடுமையான வரம்பு இருப்பதில் பொருள் உண்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுபட்ட நாள்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யக்கூடும். ஒரு வெப்ப அலை முழுவதுமே விடுபட்டுப்போனால் ஈடுசெய்ய எதுவும் இல்லை.

அளவெடுக்கும் நேரத்தின் தாக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாலை 5 மணிக்கு அளவெடுக்கும் நிலையம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பிற்பகல் 39 டிகிரி வரை ஏறுகிறது. 5 மணிக்கு மீட்டமைக்கும்போது காற்று 38 டிகிரியில் இருக்கிறது. இரவில் மழை பெய்து, செவ்வாய்க்கிழமை 33 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. ஆனாலும் செவ்வாய் மாலை கருவி காட்டும் அதிகபட்சம் 38. முந்தைய மாலையின் வெப்பமே அங்கே உறைந்து நிற்கிறது. ஒரே வெப்ப நாள் இருமுறை எண்ணப்படுகிறது. காலையில் அளவெடுத்தால் இதன் மறுபக்கம் நிகழும். குளிர்ந்த விடியல் இருமுறை எண்ணப்படும். ஆகவே ஒரு நிலையம் மாலை நேரத்திலிருந்து காலை நேரத்திற்கு மாறினால், வானிலையில் எதுவும் நிகழாமலேயே அதன் சராசரி தாழ்ந்துவிடும். எங்கள் பதிவேட்டில் அத்தகைய மாற்றம், ஒரு மாதத் தாளின் ஓரத்தில் ஒரே வரியில் குறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் நிறுவப்பட்ட தானியங்கிக் கருவியின் மணிநேர அளவுகளைக் கொண்டு, மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் மீட்டமைத்திருந்தால் என்ன பதிவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு மாதத்திற்கும் வேறுபாட்டைத் தனித்தனியே கண்டேன்.

இடமாற்றங்களையும் கருவி மாற்றங்களையும் கண்டறிய அண்டை நிலையங்களே துணை. நம் நிலையத்தின் மாதச் சராசரியிலிருந்து அண்டை நிலையத்தின் சராசரியைக் கழித்தால், இரண்டிற்கும் பொதுவான வெப்ப மாதங்களும் குளிர் மாதங்களும் மறைந்து, மிச்சம் கிட்டத்தட்டத் தட்டையான கோடாக ஓடும். அந்தக் கோடு திடீரென ஒரு படி ஏறினாலோ இறங்கினாலோ, இரண்டில் ஒன்றில் ஏதோ நடந்திருக்கிறது. எதில் என்று தீர்மானிக்க ஓர் அண்டை நிலையம் போதாது. பல நிலையங்களோடு ஒப்பிட்டு, எல்லாக் கோடுகளிலும் அதே மாதத்தில் படி தெரிந்தால்தான் குற்றம் நம் நிலையத்தினுடையது. படியின் இடத்தைப் புள்ளியியல் வழியில் உறுதிசெய்ய, சுவீடனைச் சேர்ந்த காலநிலையியலாளர் ஹான்ஸ் அலெக்சாண்டர்சன் 1986-இல் வெளியிட்ட சீர்மைச் சோதனையைப் பயன்படுத்தினேன். சோதனை காட்டிய இடங்களில் சிலவற்றுக்குப் பதிவேட்டின் ஓரக் குறிப்புகளே விளக்கம் தந்தன: பெட்டி புல்தரையிலிருந்து கட்டடத்தின் அருகே நகர்த்தப்பட்டது, நிழல் தந்த மரம் வெட்டப்பட்டது, வெப்பமானி மாற்றப்பட்டது. ஓரக் குறிப்பு எழுதியவர்கள் இல்லையென்றால் இந்த வேலையில் பாதி ஊகமாகவே நின்றிருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

திருத்தத்தில் நான் மிகவும் வலியுறுத்துவது, அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தனித்தனியே கையாள வேண்டும் என்பதை. அமெரிக்காவில் 1980-களின் நடுப்பகுதியில், மரப்பெட்டிக்குள் இருந்த கண்ணாடி வெப்பமானிகளுக்குப் பதிலாக மின்னணு உணரிகள் பல நிலையங்களில் வைக்கப்பட்டபோது, அதிகபட்சம் சராசரியாக ஏறத்தாழ 0.4 டிகிரி தாழ்ந்தது. குறைந்தபட்சம் ஏறத்தாழ 0.3 டிகிரி உயர்ந்தது. இரண்டின் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே நிகழாதது போலத் தெரியும். பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வேறுபாடோ கணிசமாகச் சுருங்கிவிட்டிருக்கும். அதே போல, ஒரே எண்ணைப் பன்னிரண்டு மாதங்களிலும் கழிப்பதும் தவறு. கட்டடச் சுவரின் வெப்பம் தெளிந்த வானமுள்ள மாதங்களில் கூடுதலாகவும், மேகமூட்டமான மாதங்களில் குறைவாகவும் அளவைப் பாதிக்கும்.

திருத்தத்தின் திசை குறித்தும் ஒரு வழக்கம் உண்டு: இன்றைய நிலையை அப்படியே விட்டு, பழைய பகுதிகளை அதற்கு ஏற்ப நகர்த்துவது. பழைய எண்களைத் தொடுவது முதலில் எனக்கு உறுத்தலாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு மாதமும் வந்துசேரும் புதிய அளவை மாற்றாமல் தொடரில் சேர்க்க இதுவே வசதி. மூலப் பதிவு தனி நிரலில் பத்திரமாக இருக்கும்வரை எதுவும் அழிவதில்லை. 1659 முதல் மாதச் சராசரிகளைத் தரும் மத்திய இங்கிலாந்து வெப்பநிலைத் தொடரை ஆங்கிலேயக் காலநிலையியலாளர் கோர்டன் மான்லி பல்வேறு பதிவுகளிலிருந்து தொகுத்தபோது, வெப்பமானியைச் சூடேற்றப்படாத அறைக்குள் தொங்கவிட்டு எடுத்த அளவுகளையும் அவர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அதை எண்ணும்போது என் சிக்கல்கள் சிறியவையாகவே தோன்றின.

எல்லாப் படிகளையும் திருத்தவில்லை. அண்டை நிலையங்கள் தரும் மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டு, படியின் அளவைவிட அதன் ஐயம் பெரிதாக இருந்த இடங்களில் கைவைக்காமல், அதையும் குறிப்பாக எழுதினேன். இறுதிக் கோப்பில் ஒவ்வொரு மாதத்திற்கும் மூல அளவு, திருத்தப்பட்ட அளவு, திருத்தத்தின் மதிப்பு, அதற்கான காரணம், விடுபட்ட நாள்களின் எண்ணிக்கை ஆகியவை அடுத்தடுத்த நிரல்களில் இருக்கின்றன. தானியங்கிக் கருவியும் பழைய வெப்பமானிகளும் ஒரே வளாகத்தில் இன்னும் சேர்ந்தே இயங்குகின்றன. அந்த இணை அளவீடு குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நீள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, நிலையத்தாரிடம் ஒப்புதலும் பெற்றிருக்கிறேன். அது முடியும்போது, அண்டை நிலையங்களைக் கொண்டு நான் மதிப்பிட்ட கருவி மாற்றத் திருத்தத்தை நேரடி ஒப்பீட்டின் எண்களால் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.