5/12-ம் 7/18-ம் என்னைப் படுத்திய பாடு

பள்ளியை விட்டுப் பல வருடம் கழித்து ஒரு போட்டித் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். முதல் நாளே பின்னக் கூட்டலில் 1/2 + 1/3 வந்தது. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதிவிட்டேன். புத்தகத்தில் விடை 5/6. கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது: 2/5 பாதியைவிடக் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அது எப்படிப் பாதியைவிடக் குறையும்?

ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டை வெட்டினேன். ஒன்றை இரண்டாக மடித்தேன், மற்றதை மூன்றாக. துண்டுகள் ஒரே அளவில் இல்லை, சேர்த்து எண்ண வழியில்லை. இரண்டு பட்டைகளையும் ஆறு ஆறாக மடித்ததும் பாதி மூன்று துண்டானது, மூன்றில் ஒன்று இரண்டு துண்டானது. மொத்தம் ஐந்து துண்டு, அதாவது 5/6. பகுதி (கீழே உள்ள எண்) என்பது துண்டின் அளவு, தொகுதி (மேலே உள்ள எண்) என்பது எத்தனை துண்டு என்ற எண்ணிக்கை. இது பிடிபட்ட பிறகு 2/5 போன்ற தப்பு திரும்ப வரவே இல்லை.

அடுத்து மாட்டிக்கொண்டது 5/12 + 7/18. பகுதிகளைப் பெருக்கி 216 ஆக்கினேன்: 90/216 + 84/216 = 174/216. தப்பில்லை, ஆனால் ஆறால் சுருக்கி 29/36-க்கு வருவதற்குள் அலுத்துப்போனது. மீச்சிறு பொது மடங்கு, அதாவது இரண்டு பகுதிகளாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண், எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. பெரிய பகுதியின் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்: 18, 36... 36-ல் 12 மீதியில்லாமல் போகிறது, சரி, அங்கேயே நிறுத்தலாம். 15/36 + 14/36 = 29/36. பெரிய எண்களுக்குக் காரணிப்படுத்துவது நல்லது, சின்ன எண்களுக்கு இந்த வழியே போதும். ஆனால் மீச்சிறு மடங்கு எடுத்தாலும் விடையைச் சுருக்க வேண்டி வரலாம்: 7/15 − 3/10 = 14/30 − 9/30 = 5/30, அதாவது 1/6.

முழு எண்ணும் பின்னமும் சேர்ந்து வரும் கலப்புப் பின்னக் கழித்தலில்தான் அதிக நாள் போனது. 3 1/4 − 1 5/6 என்பதை 3 3/12 − 1 10/12 என்று மாற்றினேன். மூன்றில் பத்து போகாது. முழு எண்ணிலிருந்து ஒன்று கடன் வாங்கி, பழக்கதோஷத்தில் பத்தைச் சேர்த்து 13/12 என்று எழுதினேன். விடை 1 3/12. அதோடு 1 10/12-ஐத் திரும்பக் கூட்டினால் 3 1/12 வந்தது, தொடங்கிய எண் வரவில்லை. பகுதி 12 என்றால் ஒரு முழுதில் பன்னிரண்டு துண்டு இருக்கிறது, சேர்க்க வேண்டியது 12. 2 15/12 − 1 10/12 = 1 5/12. கூட்டிப் பார்த்தேன், 3 3/12 வந்தது.