பழனி நடைப்பயணம்: ஒரு நாளின் நடையை எங்கே முடிப்பது?

தைப்பூசத்துக்காகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் மொத்தத் தொலைவை நாள்கணக்கால் சமமாக வகுத்துவிடக் கூடாது என்பதை, நத்தத்திலிருந்து திண்டுக்கல் வரையிலான சுமார் 37 கிலோமீட்டரை ஒரே நாளில் கடந்து இரு பாதங்களும் கொப்புளித்தபோதுதான் உணர்ந்தேன். இப்போதெல்லாம் இடையில் கோபால்பட்டியில் தங்கிவிடுகிறேன்.

விடியற்காலை 3 மணிக்குப் பனியிலேயே கிளம்பி, தார்ச்சாலை சுடத் தொடங்கும் முன் நிழல் சேர்ந்து, வெயில் தாழ்ந்தபின் மீதியை நடப்பதே வெறுங்காலுக்கு ஏற்றது. ஆகவே இரவுத் தங்கலைவிட நண்பகல் நிழலையும் தண்ணீரையும்தான் முதலில் குறித்துவைக்கிறேன். திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் ஏறத்தாழ நடுவில் ஒட்டன்சத்திரம் இருந்தாலும், மலைப்படி ஏறக் காலில் வலு மிஞ்ச வேண்டும் என்பதால், இன்னும் சற்று நடந்து முந்தைய இரவே சத்திரப்பட்டியை எட்டிவிடுவது என் வழக்கம்.